இரண்டு சனிக்கிழமைகள்

வணக்கம் ஐயா,

நான் பட்டர்வொர்த்துக்காரி. கோலாலம்பூரில் கிராஃபிக் டிசைன் படிக்கிறேன். போன விடுமுறையில் இரண்டு சனிக்கிழமை ஃபெர்ரி ஏறிப் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் போய், கடலில் கால்கள் ஊன்றி நிற்கும் சீனர் வீடுகளின் வரிசையான சியூ ஜெட்டியை நீர்வண்ணத்தில் வரைந்தேன். வீட்டில் காட்டியதும் தம்பி கைப்பேசியில், படம் வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் ஒரு வரி தட்டினான். சில வினாடிகளில் அதே ஜெட்டி, அதே நீர்வண்ணம், என்னுடையதைவிட அழகாக வந்துவிட்டது. அவன் கிண்டலுக்குச் செய்யவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து தூரிகையைத் தொட மனம் வரவில்லை. வகுப்பு வேலையெல்லாம் டேப்லெட்டில்தான் செய்கிறேன். இந்தக் காலத்தில் நுண்கலைக்கு என்ன இடம்? டேப்லெட்டில் வரைவதும் நுண்கலைதானா?

க.

அன்புள்ள க.,

உங்கள் கடிதத்தை வந்த அன்றே படித்துவிட்டேன். ‘தூரிகையைத் தொட மனம் வரவில்லை’ என்ற வரிக்கு அவசரமாகப் பதில் எழுதக் கூடாது என்றுதான் ஒரு வாரம் எடுத்துக்கொண்டேன்.

உங்கள் தம்பியின் படம் அழகாகத்தான் இருந்திருக்கும். கோடிக்கணக்கான படங்களையும் அவற்றோடு இருந்த விவரங்களையும் கொடுத்துப் பழக்கிய நிரல் அது. வெறும் புள்ளிக் குவியலில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக அதைத் துடைத்து, தட்டிய சொல்லுக்குப் பொருந்தும் உருவத்தை வெளியே எடுக்கிறது. ‘ஜெட்டி’, ‘நீர்வண்ணம்’ என்றால் அது பார்த்த படங்களில் அதிகமாக எது இருந்ததோ அந்தப் பக்கமே சாயும். நம் கண்ணுக்குப் பழகிய அழகு என்பதால் உடனே பிடித்துப்போகிறது.

சரி, உங்கள் ஜெட்டிக்கு வருவோம். நீங்கள் போனபோது தண்ணீர் ஏறியிருந்ததா, வற்றியிருந்ததா? நான் பல வருடங்களாக அங்கே போய் உட்காருகிறவன். தண்ணீர் வற்றும்போது வீடுகளைத் தாங்கும் கால்கள் வெளியே தெரியும். ஓதம் தொடும் உயரம்வரை சிப்பியும் பாசியுமாகக் கறுத்திருக்கும், அதற்கு மேலே வெளிறியிருக்கும். அந்தக் கோடு படத்தில் சரியாக விழுந்தால்தான் வீடு கடலில் ஊன்றி நிற்கும். அது தெரியாமல் நான் வரைந்த வீடுகள் எல்லாம் ரொம்ப காலம் மிதந்துகொண்டிருந்தன.

நம் ஊர் ஈரக்காற்றில் காகிதம் லேசில் காயாது. முதல் பூச்சு காயும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தக் கோட்டை நான் முதலில் கவனித்தது அப்படிச் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு நேரத்தில்தான். பொறுக்காமல் அடுத்த நிறத்தை வைத்தால், அது ஓரம் பிசிறிய மேகம்போல் பரவிவிடும். துடைத்தாலும் முழுதாகப் போகாது. அதைக் கூரையாக்குவதா, தூரத்து மழையாக்குவதா என்று அங்கேயே, அந்த நிமிடமே முடிவெடுக்க வேண்டும். படைப்பாற்றல் என்று நாம் பெரிதாகச் சொல்வது அந்த நிமிடத்தில்தான் நடக்கிறது என்று நம்புகிறேன்.

இயந்திரத்தின்மேல் எனக்குப் பகை இல்லை. நான் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில், வளர்ந்தவன். வீட்டுச் சுவரில் இருந்த ஒரே ஓவியம் காலண்டர் முருகன். அப்படிப்பட்ட சாமி படங்களுக்கு உருவம் தந்தவர்களில் கோவில்பட்டி கொண்டைய ராஜு முக்கியமானவர் என்பது பின்னால்தான் தெரிந்தது. அவருக்கும் முன்பே, 1894இல், ரவி வர்மா அச்சகம் தொடங்கி லட்சுமியையும் சரஸ்வதியையும் வீடு வீடாகக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். ஆக, அச்சு இயந்திரம் தந்த படம்தான் என்னை ஓவியத்துக்குள் கொண்டுவந்தது. பள்ளி நோட்டில் கட்டம் போட்டு அந்த முருகனைப் பார்த்து வரைவேன். நகல்தான். ஆனால் மயிலின் கழுத்து எந்த இடத்தில் திரும்புகிறது என்று என் விரலுக்குத் தெரிந்துவிட்டது. தம்பியின் படத்தில் எனக்குப் படும் குறை இது ஒன்றுதான்: அது வந்து முடிந்தபோது, உங்கள் வீட்டில் யாருக்கும் ஜெட்டியைப் பற்றிக் கூடுதலாக ஒன்றும் தெரியவில்லை.

யோங் முன் சென் (1896–1962) பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலேசிய ஓவியத்தின் தந்தை என்று பலர் சொல்லும் அவர், பினாங்கில் போட்டோ ஸ்டூடியோ நடத்தியவர். கேமராவே தொழில். ஒரு மீனவரை நொடியில் படம்பிடிக்கத் தெரிந்த மனிதர், அதே மீனவர்களை நீர்வண்ணத்தில் வரைந்தார். சோர்வு வரும்போதெல்லாம் நான் அவரைத்தான் நினைத்துக்கொள்வேன். கோலாலம்பூரில் இருக்கிறீர்களே, தேசிய ஓவியக் கூடமான பாலாய் செனி நெகாராவில் அவர் படம் காட்சிக்கு வைத்திருந்தால் முன்னால் போய்க் கொஞ்ச நேரம் நில்லுங்கள்.

டேப்லெட்டில் வரைவதும் நுண்கலைதான், சந்தேகமே வேண்டாம். ஆங்கில ஓவியர் டேவிட் ஹாக்னி எழுபது வயது தாண்டியபிறகு ஐபேடில் வரையத் தொடங்கினார். நீங்கள் வாரம் ஒரு படத்தையாவது போட்ட கோட்டை அழிக்கும் பின்வாங்கும் பொத்தானைத் (undo) தொடாமல் வரைந்து பாருங்கள். தவறான கோடு அப்படியே இருக்கட்டும்.

கோபம் எனக்கு வேறொன்றில். அந்த நிரல்களுக்குக் கொடுத்த படங்களில் ஏராளமானவை, வரைந்தவர்களைக் கேட்காமல் எடுத்தவை. சில வருடங்களுக்கு முன் நான் இணையத்தில் போட்ட பெச்சாக்காரர் (சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவர்) ஓவியம், ஒரு கடையில் குளிர்பெட்டிக் காந்தமாகத் தொங்கியது. ஐந்து வெள்ளி (ரிங்கிட்). அந்தப் பெரியவர் தூறலில் அரை மணி நேரம் எனக்காக உட்கார்ந்திருந்தவர். அவர் முகத்தையும் சேர்த்தல்லவா விற்கிறார்கள் என்று கொதித்துப்போனேன். நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் இருக்கிறது, கடைக்காரரிடம் போய்க் கேட்டேன், எடுத்துவிட்டார். கோடிப் படங்களை விழுங்கிய நிரலிடம் யார் போய்க் கேட்பது? உங்கள் தலைமுறை இதை உரக்கக் கேட்க வேண்டும்.

அடுத்த விடுமுறையில் மூன்றாவது சனிக்கிழமையும் போங்கள். ஓத நேரம் பார்த்து, தண்ணீர் வற்றும்போது போங்கள். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள தடித்த பருத்திக் காகிதம் விலை அதிகம்தான், பாதியாக வெட்டிக்கொள்ளலாம். பழைய படத்தையும் எடுத்துப் போய்ப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரையுங்கள். அதைக் கிழித்துப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். தம்பி வருவதாக இருந்தால் அவனுக்கும் ஒரு பென்சில் எடுத்துப் போங்கள். வரைந்ததை எனக்கு அனுப்புங்கள், அந்த இரண்டு சனிக்கிழமைப் படத்தையும் சேர்த்து.

அன்புடன்.