ஒயிட் மவுண்டன் பழைய வரைபடம் 80 மீட்டர் கிழக்கே விலகுகிறதா?

ஸ்கேன் செய்த தாளின் மூலைகளுக்கு நீங்கள் கொடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் சரி, டேட்டம்தான் (அந்த எண்களை அளக்க அடிப்படையாகக் கொள்ளும் பூமி மாதிரி) தவறு. வரைபட மென்பொருளான க்யூஜிஐஎஸ்ஸில், தாளை அதன் உண்மையான இடத்தில் பொருத்தும் ஜியோரெஃபரன்சர் கருவியில் டபிள்யூஜிஎஸ் 84ஐ (ஜிபிஎஸ் பயன்படுத்தும் டேட்டம்) எடுத்துவிட்டு இபிஎஸ்ஜி 4267ஐப் (1927 வட அமெரிக்க டேட்டத்தின் குறியீட்டு எண்) போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கலிஃபோர்னியாவின் ஒயிட் மவுண்டன் 1:62,500 தாளில் பாதை, ஓடை எல்லாமே ஒரே அளவு கிழக்கே தள்ளி விழுகின்றன என்கிறீர்கள். அந்த ஒரே சீரான விலகல்தான் தடயம். அந்தக் காலத்துத் தாள்கள் கான்சாஸின் மீட்ஸ் ராஞ்சைத் தொடக்கப் புள்ளியாகக் கொண்ட 1927 வட அமெரிக்க டேட்டத்தில் வரைந்தவை. தாளின் அடிப்பகுதியில், இடப்பக்கம், பொடி எழுத்தில் அதைக் குறித்திருப்பார்கள், பெரிதாக்கிப் பாருங்கள்.

சரிபார்க்க ஒயிட் மவுண்டன் சிகரத்தையே (14,246 அடி) எடுத்துக்கொள்ளுங்கள். உச்சியில் சின்னக் கல் கட்டடம் ஒன்று இருக்கிறது, செயற்கைக்கோள் படத்தில் தெரியும். தாளின் உச்சிக்குறி அதன்மேல் வந்து உட்கார்ந்தால் வேலை முடிந்தது. பள்ளத்தாக்கில் ஒரு சாலைச் சந்திப்பையும் பாருங்கள்.

1927க்கு முந்தைய 1:1,25,000 தாள்களுக்கு இது போதாது. அவற்றில் விலகல் இடத்துக்கு இடம் மாறும். நிறைய கட்டுப்புள்ளிகள் (தாளிலும் தரையிலும் ஒன்றே என்று அடையாளம் காணக்கூடிய இடங்கள்) வைத்துத்தான் பொருத்த வேண்டும்.

இன்னொன்று, நடைபயணத்துக்கு என்றால் தாளில் குறித்த ஊற்றுகளை நம்பித் தண்ணீர் எடுக்காமல் போகாதீர்கள். அந்த வறண்ட மலையில் அவை வற்றியிருக்கலாம்.