பேட்ஜைக் கழற்றலாமா? பழைய கார் கேள்வி-பதில்

கேள்வி: சார், என்னிடம் 2002 மாடல் சான்ட்ரோ இருக்கிறது, சிவப்பு நிறம். டிக்கியில் இருக்கிற பெயர் எழுத்துகளில் இரண்டு உடைந்துவிட்டன, மீதியில் குரோம் உரிந்து பார்க்கவே சகிக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மொழுமொழுவென்று வைத்துக்கொள்ளலாம் என்று ஆசை. வீட்டிலேயே செய்யலாமா, பெயிண்ட் உரிந்து வந்துவிடுமா? (வாசகர், கோவை)

பதில்: வீட்டிலேயே செய்யலாம். பேட்ஜை எடுப்பது அரை மணி நேர வேலைதான், எடுத்த பிறகு கீழே தெரியப்போகிற அந்தப் பெயரின் தடத்தைப் போக்குவதுதான் நிஜமான வேலை. இருபது வருஷத்துக்கு மேல் வெயில் வாங்கிய சிவப்பு என்கிறீர்கள், வெளுப்பதில் சிவப்பை மிஞ்ச வேறு நிறம் இல்லை. பேட்ஜுக்கு அடியில் வெயிலே படாததால் அங்கே மட்டும் ஷோரூமிலிருந்து வந்த நாளின் சிவப்பு அப்படியே இருக்கும், சுற்றிலும் வெளிறியிருக்கும். எழுத்தை எடுத்தாலும் எழுத்து போகாது. வெள்ளை வண்டிக்காரர்களுக்கு இந்தத் தலைவலி கிட்டத்தட்ட இல்லை.

சரி, முதலில் பேட்ஜ் எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். உங்கள் காலத்து வண்டிகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பசை உள்ள ஃபோம் டேப்தான், ஆனால் சில பேட்ஜ்களில் நேராக உட்காருவதற்காகப் பின்னால் சின்ன முளைகள் இருக்கும், அது தகட்டில் உள்ள ஓட்டைக்குள் போயிருக்கும். டிக்கிக் கதவின் உள்பக்க பிளாஸ்டிக் கவரைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஓட்டை இருந்தால் அங்கேயே நிறுத்திவிட்டு அடுத்த கேள்விக்கான பதிலைப் படியுங்கள்.

இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வண்டிக்கு நடுவில் எப்போதாவது பெயிண்ட் அடித்திருக்கிறார்களா? பழைய வண்டிகளில் பல ஒரு தடவையாவது டிங்கரிங் பார்த்ததாகத்தான் இருக்கும், அவசரத்தில் பேட்ஜைக் கழற்றாமல் மாஸ்கிங் டேப் ஒட்டி அடித்துவிட்டுப் போயிருப்பார்கள். அப்படியானால் எழுத்தின் ஓரத்தில் பெயிண்ட் மேடாக நிற்கும், நகத்தால் தடவினாலே தட்டுப்படும். இதைக் கவனிக்காமல் இழுத்தால் எழுத்தோடு சேர்ந்து பெயிண்டும் தோலாக வரும். புது பிளேடால் ஓரத்தை மட்டும் லேசாகக் கீறிவிட்டுப் பிறகு தொடங்குங்கள்.

எடுக்கிற விதம் இதுதான். நல்ல வெயிலில் ஒரு மணி நேரம் நிறுத்தினாலே டேப் பாதி இளகிவிடும், மிச்சத்துக்கு முடி உலர்த்துகிற டிரையர் போதும், பட்டறையில் இருக்கிற ஹீட் கன் வேண்டாம், அது பெயிண்டைக் கொப்பளிக்க வைத்துவிடும். கை வைத்துப் பொறுக்க முடிகிற சூடு வந்தால் சரி. மீன் பிடிக்கிற தங்கூஸ் நரம்பை ஒரு முழம் எடுத்து இரண்டு விரலிலும் சுற்றிக்கொண்டு, எழுத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் விட்டு, ரம்பம் அறுப்பதுபோல முன்னும் பின்னுமாக இழுங்கள். ஃபோம்தான் அறுபடும், பெயிண்டை நரம்பு தொடாது. ஸ்க்ரூ டிரைவரை மட்டும் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளாதீர்கள், ஒரு எழுத்து அடம்பிடித்தால் கை தானாக அதைத்தான் தேடும், அப்புறம் தகடு குழியும்.

மிச்சமிருக்கிற பசையைச் சூடாக இருக்கும்போதே கட்டை விரலால் உருட்டி உருட்டி எடுங்கள், பெரும்பகுதி அதிலேயே வந்துவிடும். மீதிக்கு மண்ணெண்ணெய் நனைத்த துணியைச் சில நிமிஷம் வைத்துவிட்டுத் துடைத்து, சோப்புத் தண்ணீரால் கழுவுங்கள். தின்னர் வேண்டவே வேண்டாம். கம்பெனி பெயிண்ட் ஒருவேளை தாங்கலாம், வெளியில் அடித்த பெயிண்டாக இருந்தால் துணியோடு கரைந்து வரும்.

இப்போது தடம். ஒரு வெள்ளைத் துணியில் துளி ரப்பிங் காம்பவுண்டு (பெயிண்டின் மேல்தோலை மெல்லத் தேய்த்தெடுக்கிற களிம்பு) எடுத்து ஓரமாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் சிவப்பு ஏறினால் மேலே கிளியர் கோட் என்கிற நிறமில்லாத பூச்சு இல்லாத பெயிண்ட், அது உங்களுக்கு நல்லதுதான், ஏனென்றால் வெளுத்துப்போனது மேல்தோல் மட்டும், அதை எடுத்தால் அடியிலிருந்து பழைய சிவப்பு எழும்பி வரும். எழுத்து இருந்த இடத்தைத் தேய்க்கக் கூடாது, சுற்றியுள்ளதைத்தான் அதன் நிறத்துக்குக் கொண்டுவர வேண்டும். அதுவும் அந்த ஒரு ஜான் இடத்தை மட்டும் தேய்த்தால் அங்கே ஒரு திட்டு பளபளக்கும், டிக்கிக் கதவு முழுவதையும் செய்யுங்கள். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிசாக இருக்கும், அங்கே அழுத்தவே கூடாது. துணியில் நிறம் ஏறவில்லை என்றால் கிளியர் கோட் இருக்கிறது. அதிலும் காம்பவுண்டு போடலாம், ஆனால் அடியில் உள்ள நிறமே மாறியிருந்தால் எவ்வளவு தேய்த்தாலும் தடம் தெரியும், அதற்கு மறுபடி பெயிண்ட்தான் வழி. வேலை முடிந்ததும் மெழுகு பூசிவிடுங்கள், இல்லையென்றால் திறந்த பெயிண்ட் சீக்கிரமே மறுபடி வெளுக்கும்.

கேள்வி: எங்கள் அப்பாவின் 1994 அம்பாசடரில் உலோக பேட்ஜ்கள் இருக்கின்றன. பெயிண்ட் அடிக்கக் கொடுத்தபோது பட்டறையில், "இதெல்லாம் எதுக்கு, எடுத்துட்டு ஓட்டையைப் பட்டி போட்டு மூடிடலாம்" என்கிறார்கள். சரி என்று சொல்லட்டுமா? (வாசகி, காரைக்குடி)

பதில்: சொல்லாதீர்கள் அம்மா. பெயிண்டுக்காகக் கழற்றலாம், கழற்றத்தான் வேண்டும், ஆனால் திரும்ப மாட்டுவதற்காக. உத்தரபாராவில் அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுவிட்டது. அந்த வருஷத்து வண்டிக்குரிய அசல் பேட்ஜ் உடைந்தால் பழைய சாமான் கடைகளில் அலைந்துதான் தேட வேண்டும்.

இந்த பேட்ஜ்களின் முதுகில் ஆணி மாதிரி முளைகள் இருக்கும், தகட்டின் ஓட்டை வழியாக உள்ளே போய் அங்கே ஒரு ஸ்பிரிங் கிளிப்போ நட்டோ பிடித்திருக்கும். முன்பக்கமிருந்து நெம்பினால் முளை ஒடியும், துத்தநாகக் கலவையில் வார்த்த பேட்ஜ் என்றால் கண்டிப்பாக ஒடியும். உள்பக்கம் துருவை இளக்கும் ஸ்பிரேயை அடித்து ஒரு ராத்திரி விட்டுவிட்டு, மறுநாள் கிளிப்பை எடுக்கச் சொல்லுங்கள். எடுத்ததும் ஓட்டையின் விளிம்பைப் பாருங்கள், பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கும், வருஷக்கணக்காக மழைத் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கும். அதைச் சுரண்டி, இரண்டு பக்கமும் பிரைமர் அடித்து, பேட்ஜைத் திரும்ப மாட்டும்போது அடியில் கொஞ்சம் சீலன்ட் வைக்கச் சொன்னால் வண்டிக்கு ஆயுசு கூடும்.

உங்கள் வீட்டில் எல்லோரும் பேட்ஜே வேண்டாம் என்று முடிவெடுத்தால், ஓட்டையை வெல்டிங் வைத்து அடைத்துத் தேய்த்த பிறகுதான் பட்டி. வெறும் பட்டி ஈரத்தை இழுக்கும், பின்னாலிருந்து துரு கிளப்பும், இரண்டு மழைக்காலத்தில் பெயிண்ட் அங்கே கொப்புளம் விடும். டிக்கியில் வெல்டிங் என்றால் பெட்ரோல் டாங்கு பக்கத்திலேயே இருப்பதை அவர்களுக்கு ஞாபகப்படுத்துங்கள், பேட்டரி இணைப்பையும் கழற்ற வேண்டும்.

கேள்வி: பேட்ஜ் இல்லாமல் ஓட்டினால் போலீஸ் பிடிப்பார்களா? ஆர்.சி.யில் ஏதாவது மாற்ற வேண்டுமா? (வாசகர், சேலம்)

பதில்: வேண்டாம். ஆர்.சி.யில் இருப்பது சேஸிஸ் எண், எஞ்சின் எண், மாடல், நிறம் போன்றவை. பேட்ஜ் போனதால் அதில் எதுவும் மாறவில்லை. வண்டியின் நிறத்தை மாற்றினால்தான் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போக வேண்டியிருக்கும். ஆனால் பானெட்டுக்குள் இருக்கிற சேஸிஸ் எண் தகட்டை, பெயிண்ட் அடிக்க வசதியாக இருக்கும் என்று யாராவது எடுக்கச் சொன்னால் விடவே விடாதீர்கள். அது பேட்ஜ் இல்லை, வண்டியின் அடையாளம். அதேபோல, விற்கிற நேரத்தில் கீழ் மாடலில் மேல் மாடலின் பேட்ஜை ஒட்டி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஏமாற்று வேலை. வாங்குகிறவர்கள் பேட்ஜை நம்பாமல் ஆர்.சி.யைப் பாருங்கள்.

கேள்வி: கழற்றிய எழுத்துகளைத் திரும்ப ஒட்ட நினைத்தால் அதே இடத்தில் எப்படி வைப்பது? (அதே கோவை வாசகர்)

பதில்: நல்லவேளை கழற்றும் முன்பே கேட்டீர்கள். எழுத்துகளுக்கு மேலும் கீழும் மாஸ்கிங் டேப்பை நேர்கோடாக ஒட்டி, விளிம்பிலிருந்து ஸ்கேலால் அளந்து, அந்த அளவை டேப்பிலேயே எழுதி போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத்துகளை உறையில் போட்டு ஆர்.சி. நகலோடு வையுங்கள். ஒட்டும்போது கார்களுக்கென்று விற்கிற இருபக்க ஃபோம் டேப்பை வாங்குங்கள், ஃபெவிக்விக் வேண்டாம், அடுத்த முறை எடுக்கும்போது பெயிண்டோடுதான் வரும்.