நிதிப் பொருளியல் படிக்கலாமா?

அன்புள்ள சார்,

வணிகவியலில் பட்டம் பெற்று, ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்க்கிறேன். நிதிப் பொருளியலும் வங்கியியலும் சேர்ந்த முதுகலைப் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. 'அதைவிட எம்பிஏ ஃபைனான்ஸ் வேலைக்கு உதவும்' என்கிறார்கள் நண்பர்கள். பள்ளிக்கூடத்தோடு கணக்கை விட்டவள் நான். சேரலாமா?

க.

அன்புள்ள க.,

வேலைதான் குறி என்றால் நண்பர்கள் சொல்வதில் தவறில்லை. ஆனால் இரண்டும் ஒரே படிப்பு அல்ல. நிறுவனத்துக்குப் பணம் வேண்டும், கடன் வாங்குவதா பங்கு வெளியிடுவதா? இதை முடிவு செய்ய எம்பிஏ பழக்கும். எப்படித் திரட்டினால்தான் என்ன, நிறுவனத்தின் மதிப்பு மாறுமா என்று கேட்பது நிதிப் பொருளியல். வரியும் திவால் செலவும் இல்லாத சந்தையில் மாறாது என்று 1958இல் பொருளியலாளர்கள் மோடிக்லியானியும் மில்லரும் காட்டினார்கள். அப்படியொரு சந்தை எங்கே இருக்கிறது என்று எரிச்சல் வந்தால் எம்பிஏவுக்கே போய்விடுங்கள். சரி, வரியைச் சேர்த்தால் என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றினால் இந்தப் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும்.

பங்கு விலை, ஆப்ஷன் (பங்கைப் பின்னொரு நாளில் குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ தரும் உரிமை) விலை பாடங்களும் உண்டு. அவற்றைப் படித்துச் சந்தையில் பணத்தை அள்ளிவிடலாம் என்று மட்டும் நினைக்க வேண்டாம். ஆப்ஷன் விலைக் கணிப்புக்காக 1997இல் நோபல் பெற்ற மெர்ட்டனும் ஷோல்ஸும் பங்குதாரர்களாக இருந்த முதலீட்டு நிதியம் மறு வருடமே கவிழ்ந்தது.

உங்களுக்கு ருசிக்கப்போவது வங்கிப் பகுதிதான். நீங்கள் கொடுக்கும் கடன் பல வருடம் கழித்துத் திரும்பும். டெபாசிட் போட்டவரோ நாளைக்கே வந்து கேட்கலாம். எல்லோரும் சேர்ந்து கேட்டால் நல்ல வங்கியும் விழும். மற்றவர்கள் எடுக்கமாட்டார்கள் என்று நம்பும்வரை நானும் எடுக்கமாட்டேன். எடுப்பார்கள் என்று தோன்றினால் முந்திக்கொள்வதே எனக்குப் புத்திசாலித்தனம். வதந்திக்கு வங்கி பலியாவதற்குப் பின்னால் இப்படி ஒரு தர்க்கம் இருப்பதைப் பொருளியலாளர்கள் டயமண்டும் டிப்விக்கும் 1983இல் எழுதினார்கள். 2022இல் அமெரிக்க மத்திய வங்கியின் முன்னாள் தலைவர் பெர்னான்கேயோடு நோபலும் பெற்றார்கள். வங்கி விழுந்தாலும் பணம் திரும்பும் என்ற டெபாசிட் காப்பீடு, எல்லோரும் பணம் எடுக்க ஓடுவதைத் தடுக்கும் என்பதும் அதே கட்டுரையில் இருக்கிறது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தது. வட்டி ஏறியதில் அது வாங்கி வைத்திருந்த நீண்டகாலக் கடன் பத்திரங்கள் மதிப்பிழந்திருந்தன, டெபாசிட்டில் பெரும்பகுதி காப்பீட்டு வரம்புக்கு மேலே. ஒரே நாளில் 4,200 கோடி டாலர் வெளியேறியது. வரிசையில் நிற்கத் தேவையே இருக்கவில்லை, பெரும்பாலும் ஆன்லைனிலேயே முடிந்தது.

கணக்கு பயம் நியாயமானதுதான். வகைநுண்கணிதமும் அணிகளும் தேவைப்படும், ஆனால் அவை பழகிவிடும். ஆளைச் சாய்ப்பது எகனாமெட்ரிக்ஸ், அதாவது பொருளியல் கேள்விகளுக்குப் புள்ளிவிவரங்களில் விடை தேடும் பாடம். அதிக வட்டிக்குக் கடன் வாங்கியவர்கள் அதிகம் தவணை தவறுகிறார்கள் என்று உங்கள் கிளையின் கணக்கு காட்டுகிறது என்று வையுங்கள். வட்டிதான் அவர்களைக் கவிழ்த்ததா? தவறக்கூடியவர் என்று பார்த்துத்தானே நீங்களே வட்டியைக் கூட்டினீர்கள்? அதோடு, வட்டியை ஏற்றினால் ஒழுங்காகக் கட்டக்கூடியவர்கள் கடனே வேண்டாம் என்று விலகலாம், அதனால் வங்கி வட்டியை ஏற்றாமல் சிலருக்குக் கடனையே மறுக்கும் என்றார்கள் பொருளியலாளர்கள் ஸ்டிக்லிட்ஸும் வெய்ஸும் (1981). எண்களிலிருந்து இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் அந்தப் பாடம். வகுப்பு தொடங்கும் முன்பே நிகழ்தகவை உட்கார்ந்து படித்துவிடுங்கள்.

அப்புறம், பணம் கட்டுவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்குங்கள். வங்கியியல் என்ற பெயரில் விதிமுறைகளும் படிவங்களும் மட்டும் இருந்தால் அந்த இடம் வேண்டாம். அதைச் சம்பளத்தோடு நீங்கள் ஏற்கெனவே கற்றுக்கொண்டுதான் இருக்கிறீர்கள்.