ரவுட்டிங் சோதனைக்கு 500 ரவுட்டர்கள் கொண்ட சமவாய்ப்புக் கோட்டுருவை எப்படி உருவாக்குவது?

இணைப்பு அறுந்தால் மாற்றுவழி தேடும் ஒரு ரவுட்டிங் முறையைச் சிமுலேஷனில் சோதிக்க 500 ரவுட்டர்கள் தேவை என்றும், முனைகளை ஒரே நிகழ்தகவுடன் விருப்பம்போல் இணைத்துவிட்டால் போதாதா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் சோதனைக்கு அது போதாது. மாற்றுவழி எத்தனை உண்டு என்பதைத் தீர்மானிப்பதே கோட்டுருவின், அதாவது ரவுட்டர்களைக் குறிக்கும் முனைகளும் அவற்றுக்கு இடையிலான இணைப்புகளும் கொண்ட வரைபடத்தின், அமைப்புதான். ஆகவே கோட்டுருவைத் தவறாகத் தேர்ந்தால், உங்கள் முறையின் தரத்தை அளப்பதற்குப் பதிலாக நீங்கள் தேர்ந்த கோட்டுருவின் தாராளத்தையே அளந்துகொண்டிருப்பீர்கள்.

முதுநிலைப் படிப்பின் திட்டப்பணியில் நான் இதையே செய்தேன். 200 முனைகளை எடுத்து, ஒவ்வொரு சோடிக்கும் 0.05 நிகழ்தகவு கொடுத்து இணைத்தேன். ஒவ்வொரு ரவுட்டருக்கும் சராசரியாகப் பத்து இணைப்புகள் கிடைத்தன. எந்த இணைப்பை வெட்டினாலும் இரண்டு மூன்று தாவல்களில், அதாவது இரண்டு மூன்று இணைப்புகளைக் கடந்தாலே, வேறு வழி கிடைத்தது. முடிவுகளைப் பார்த்த தேர்வாளர், "இந்த ஊரில் கேபிளுக்கு விலையே கிடையாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பிறகுதான் இந்தத் துறையின் பழைய கட்டுரைகளை ஒழுங்காகப் படிக்கத் தொடங்கினேன்.

1959இல் கணிதவியலாளர்கள் எர்டோஷ், ரேன்யி இருவரும், அதே ஆண்டில் தனியாகக் கில்பர்ட்டும் ஆராய்ந்த சமவாய்ப்புக் கோட்டுருவில் எல்லாச் சோடிகளும் சமம். தூரமோ செலவோ அதில் இல்லை. சராசரிப் படியை, அதாவது ஒரு முனையில் சேரும் இணைப்புகளின் சராசரி எண்ணிக்கையை, உண்மைக்கு நெருக்கமாக 3 என்று வைத்துப் பாருங்கள். 500 முனைகளில் ஏறத்தாழ 25 முனைகள் எந்த இணைப்பும் இல்லாமல் தனித்து நிற்கும். எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் வழியுள்ள, அதாவது தொடுப்புள்ள, மிகப் பெரிய பகுதியில் 470 முனைகள் அளவில்தான் இருக்கும். முழுதும் தொடுப்புள்ள கோட்டுரு வரும்வரை மீண்டும் மீண்டும் உருவாக்கலாம் என்று எண்ணினால், இந்தப் படியில் அது நடைமுறையில் வரவே வராது. சராசரிப் படி 500இன் இயல் மடக்கையான 6.2ஐ எட்டும்போதுதான் மூன்றில் ஒரு முறைக்குச் சற்று அதிகமாகத் தொடுப்புள்ள கோட்டுரு கிடைக்கும். தொடுப்புக்காகப் படியை உயர்த்தினால், நான் செய்த பிழைக்கே வந்து சேர்வீர்கள்.

உண்மையான முதுகெலும்பு வலையமைப்பு எவ்வளவு சிக்கனமானது என்பதற்கு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த அபிலீன் நல்ல சான்று. ஆய்வுகளில் பெரிதும் பயன்படும் அதன் வரைபடத்தில் 11 நகரங்களுக்கு 14 இணைப்புகளே உள்ளன; எந்த நகரத்துக்கும் இரண்டு அல்லது மூன்றுக்கு மேல் இல்லை. சியாட்டிலிலிருந்து நியூயார்க்குக்கு நேர் இணைப்பு கிடையாது. இடையில் உள்ள நகரங்களின் வழியாகவே செல்ல வேண்டும். இந்தத் தூர உணர்வைக் கோட்டுருவுக்குள் கொண்டுவந்தது 1988இல் வெளியான வாக்ஸ்மன் மாதிரி. அதில் முனைகளைத் தளத்தில் சிதறவிட்டு, தூரம் கூடக்கூட இணைப்பின் நிகழ்தகவு அடுக்குக்குறி முறையில் குறையுமாறு அமைக்கிறோம். இங்கே இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. இந்த நிகழ்தகவைத் தீர்மானிக்கும் ஆல்பா, பீட்டா என்ற இரண்டு அளவுருக்களின் பெயர்களும் கட்டுரைக்குக் கட்டுரை, நிரலகத்துக்கு நிரலகம் இடம் மாறி வருவதால், ஒரு கட்டுரையின் மதிப்புகளை அப்படியே நிரலில் இடாதீர்கள். மேலும், அவற்றை மாற்றாமல் முனைகளை மட்டும் இருமடங்காக்கினால் சராசரிப் படியும் ஏறத்தாழ இருமடங்காகிவிடும்.

பராபாசி, ஆல்பர்ட் இருவரின் மாதிரியைப் பலர் உங்களுக்குப் பரிந்துரைப்பார்கள். இணையத்தின் படிப் பரவல் அடுக்கு விதியைப் பின்பற்றுகிறது, அதாவது மிகச் சில முனைகளுக்கு மட்டும் மிகப் பல இணைப்புகள் உண்டு என்று ஃபலூட்சோஸ் சகோதரர்கள் மூவர் 1999இல் காட்டினர். அதே ஆண்டில் வந்த இம்மாதிரி, புதிய முனை ஏற்கெனவே இணைப்பு மிகுந்த முனைகளையே அதிகம் நாடும் என்று கொண்டு அத்தகைய பரவலைத் தருகிறது. ஆனால் அந்தச் சகோதரர்களின் அடுக்கெண்கள் தன்னாட்சி அமைப்புகளுக்கு இடையிலான கோட்டுருவில் 2.2க்கு அருகில் இருந்தன. இம்மாதிரி தருவதோ 3. அதைவிட முக்கியமானது, அந்தக் கோட்டுருவில் ஒரு முனை என்பது ஒரு முழு நிறுவனத்தின் வலையமைப்பு. உங்கள் முனையோ ஒரு பெட்டி. ஒரு ரவுட்டர் மொத்தமாகக் கையாளக்கூடிய போக்குவரத்துக்கு வரம்பு உண்டு என்பதால், அது பல மெதுவான இணைப்புகளைத் தாங்கலாம், அல்லது சில வேகமான இணைப்புகளைத் தாங்கலாம். இரண்டும் ஒருங்கே இயலாது. லி, ஆல்டர்சன், வில்லிங்கர், டாயில் ஆகியோர் 2004இல் இதை அடிப்படையாக வைத்து, ஒரே படிப் பட்டியலைக் கொண்ட கோட்டுருக்கள் செயல்திறனில் முற்றிலும் வேறுபட முடியும் என்று காட்டினார்கள். இணைப்பு மிகுந்த ரவுட்டர்கள் வாடிக்கையாளர்களைத் திரட்டும் ஓரங்களில் இருக்கும். நடுவில் இருப்பவை குறைந்த இணைப்புகளும் மிகுந்த வேகமும் கொண்டவை. இத்துறையில் நான் மிகவும் மதிக்கும் கட்டுரை இதுதான். படிப் பரவல் பொருந்திவிட்டது என்பதை மட்டும் சான்றாகக் காட்டும் எந்த மாதிரியையும் அதைப் படித்த பின் என்னால் ஏற்க முடிவதில்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது படிநிலை அமைப்பு. செகூரா, கால்வெர்ட், பட்டாசார்ஜி ஆகியோர் 1996இல் ஜார்ஜியா டெக்கிலிருந்து வெளியிட்ட டிரான்சிட்-ஸ்டப் மாதிரி இன்றும் இத்தகைய சோதனைக்கு ஏற்றது. நடுவில், பிற பகுதிகளின் போக்குவரத்தைக் கடத்தும் 20 டிரான்சிட் ரவுட்டர்களை வைத்து, ஒவ்வொன்றிலும் ஓரத்து வலையமைப்புகளான மூன்று ஸ்டப் பகுதிகளைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு பகுதியிலும் 8 ரவுட்டர்களை இட்டால் சரியாக 500 வரும். நடுப்பகுதியையும் ஒவ்வொரு ஸ்டப் பகுதியையும் தனித்தனியாக வாக்ஸ்மன் முறையில் உருவாக்குங்கள். அளவு சிறியது என்பதால், அளவுருக்களைப் பொருத்தமாக வைத்தால், தொடுப்பில்லாதவற்றை எறிந்துவிட்டு மறுபடி உருவாக்க அதிக நேரம் ஆகாது. ஒரு ஸ்டப் பகுதி வழியாக வேறு இரண்டு பகுதிகளின் போக்குவரத்து கடந்து செல்லாதவாறு இணைப்பு எடைகளை, அதாவது வழியைத் தேர்வதற்காக ஒவ்வொரு இணைப்புக்கும் தரும் செலவு எண்களை, அமைக்க வேண்டும்.

ஒரே இணைப்பால் நடுப்பகுதியோடு சேர்ந்த ஸ்டப் பகுதிக்கு அந்த இணைப்பு அறுந்தால் மாற்றுவழியே இல்லை. எந்த ரவுட்டிங் முறையாலும் அதைக் காப்பாற்ற முடியாது. எனவே எத்தனை விழுக்காட்டுப் பகுதிகளுக்கு இரண்டாவது இணைப்பு தரப்படுகிறது என்பதை ஒரு தனி அளவுருவாக வைத்து, சுழியிலிருந்து படிப்படியாக உயர்த்திப் பாருங்கள். முடிவுகளில் மாற்றுவழி உள்ள அறுபாடுகளையும் இல்லாத அறுபாடுகளையும் பிரித்து எழுதுங்கள். கோட்டுருவை உருவாக்கும் சமவாய்ப்பு எண்களுக்கு ஒரு விதையும் (அந்த எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண்), போக்குவரத்துக்கும் அறுபாட்டுக்கும் வேறு விதையும் கொடுத்து, இரண்டையும் குறித்து வைத்துக்கொண்டால்தான், ஒரே கோட்டுருவில் பல அறுபாடுகளையும் ஒரே அறுபாட்டு வரிசையைப் பல கோட்டுருக்களிலும் ஓட்டிப் பார்க்க முடியும்.