கோவை டூ சிங்கப்பூர் எவ்வளவு நேரமுங்க?

கேள்வி: மக வீட்டுக்கு சிங்கப்பூர் போறனுங்க, இதான் மொத ஃப்ளைட்டு. டிக்கெட்டப் பாத்தா போறதுக்கு கிட்டத்தட்ட 7 மணி நேரமாட்ட இருக்குது, வர்றதுக்கு 2 மணி நேரங்கூட இல்லீங்க. எது சரிங்க?
- வாசகி, கோபி

பதில்: டிக்கெட்ல இருக்கறது அந்தந்த ஊரு டைமுங்கம்மா. அவங்க நம்மளவிட இரண்டரை மணி நேரம் முன்னாடி, அதத்தான் போறப்ப கூட்டிக் காட்டுது வர்றப்ப கழிச்சுக் காட்டுது, மத்தபடி தூரம் சுமார் 3,150 கிலோமீட்டர், நேரா போற ஃப்ளைட்டுல எப்படியும் நாலு, நாலேகால் மணி நேரந்தான். ஆனா கோபில இருந்து பீளமேடு ஏர்போர்ட்டுக்கே 2 மணி நேரம் வெச்சுக்கோங்க, அவிநாசி ரோடு ட்ராஃபிக்க நம்பவே முடியாது, அங்கயும் 3 மணி நேரம் முன்னாடியே இருக்கணும். பிரஷர் மாத்திரைய கைப்பையில வைங்க, ஊறுகா பெரிய பெட்டில போகட்டும். எஸ்ஜி அரைவல் கார்டுன்னு சிங்கப்பூருக்குள்ள போறதுக்கு ஒரு ஃபாரம் இருக்குதுங்க, அத மகளயே ஆன்லைன்ல போடச் சொல்லுங்க, அது ஃப்ரீ தான், யாரு காசு கேட்டாலும் குடுக்காதீங்க.