14 பூனைகளை ஒருவர் பார்த்துக்கொள்ள எவ்வளவு நேரம் வேண்டும்?

கேள்வி: திருச்சி பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். வீட்டில் நானும் அம்மாவும்தான். நான்கு வருடத்துக்கு முன் மழையில் நனைந்து கிடந்த ஒரு குட்டியை எடுத்து வந்தேன். இப்போது 14 பூனைகள். நாலரை மணிக்கு எழுந்தாலும் பள்ளிக்குத் தாமதமாகிறது. படுக்க 11 மணி ஆகிவிடுகிறது. அம்மாவுக்கு முட்டி வலி, குனிய முடியாது. இதற்கு நடுவில் யாரோ அட்டைப்பெட்டியில் குட்டிகளை வாசலில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வெள்ளையன் என்ற கடுவன் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் அலமாரிக்கு அடியிலேயே கிடக்கிறான். அவனைப் பார்க்கவே நேரம் இல்லை. எல்லா வேலையையும் எப்படி நேரத்துக்குள் முடிப்பது?

பதில்: முதலில் வெள்ளையன். உங்கள் கடிதம் வந்த அன்றே, அவனை உடனே மருத்துவரிடம் தூக்கிப்போங்கள் என்று தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். மற்றவர்களும் தெரிந்துகொள்வதற்காக இங்கேயும் எழுதுகிறேன். கடுவன் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் மிகவும் குறுகல். அது அடைத்துக்கொண்டால் இரண்டு மூன்று நாளில் உயிரே போய்விடும். மண் தட்டில் போய் உட்கார்ந்து முக்குவான், ஒன்றும் வராது. பிறகு ஒதுங்கிப் படுத்துவிடுவான். அடைப்பே இல்லை என்றாலும், இரண்டு மூன்று நாள் பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொஞ்சம் குண்டான பூனைக்கு, ஈரலில் கொழுப்பு படிந்து நிலைமை மோசமாகும். இதை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று தள்ளிப்போடக் கூடாது.

என் வீட்டில் 11 பூனைகள் இருந்த காலத்தில் இப்படி ஒருவனை இழந்தேன். நான் கால்நடை மருத்துவர். தினமும் தீனி வைத்தேன், மண் அள்ளினேன், தரை துடைத்தேன். அவன் சிறுநீர் போகவில்லை என்பது மூன்றாம் நாள்தான் என் கண்ணில் பட்டது. வேலை எல்லாம் ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வீட்டில்தான் அது நடந்தது. இந்தப் பதில் முழுக்க அவனை நினைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

இப்போது கணக்கைப் பார்ப்போம். காப்பகங்களுக்கு என்று அமெரிக்காவில் ஒரு அளவு சொல்வார்கள்: ஒரு விலங்குக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 15 நிமிடம். சுத்தம் செய்ய 9, தீனிக்கு 6. உங்கள் 14 பூனைக்கு அது 210 நிமிடம், அதாவது மூன்றரை மணி நேரம். மருந்து கொடுப்பது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவது, மடியில் வந்து படுப்பவளைத் தடவிக்கொடுப்பது எதுவும் இதில் சேராது. கூண்டு கழுவும் வேலை வீட்டில் இல்லை என்று ஒரு மணி நேரத்தைக் கழித்தாலும் இரண்டரை மணி நேரம் மிச்சம் நிற்கிறது. அதனால் நேரம் போதவில்லை என்று உங்களையே திட்டிக்கொள்ள வேண்டாம்.

குறைக்கக்கூடியது சமையல். காலையில் கடையில் விற்கும் உலர் தீனி, மாலையில் வேகவைத்த மீனோ கோழியோ என்று பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு நாளுக்கு ஒரு முறை வேகவைத்து, முள் எடுத்து, ஃபிரிட்ஜில் வைத்தால் போதும். மீனும் சோறும் மட்டுமே கொடுப்பது பூனைக்குப் போதாது. டாரின் என்ற சத்து குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும். ஆனால் ஒரே தாம்பாளத்தில் கொட்டி 14 பேரையும் விட்டுவிடாதீர்கள். ஆளுக்கு ஒரு கிண்ணம் வையுங்கள். கிண்ணம் கழுவ ஐந்து நிமிடம் கூடுதலாகும்தான். ஆனால் யார் சாப்பிடவில்லை என்று உங்களுக்குத் தெரிவது அந்தக் கிண்ணத்தில்தான்.

மண் தட்டு விஷயத்தில், பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம் வேண்டும் என்பது பொதுவான விதி. 15 தட்டுக்கு வீட்டில் இடம் ஏது? எட்டுப் பெரிய தட்டுகளை நான்கு இடங்களில் வைத்து, காலை ஒரு முறை, இரவு ஒரு முறை அள்ளினால் சமாளிக்கலாம். கட்டட வேலைக்கு வாங்கும் பிளாஸ்டிக் சாந்துச் சட்டி மலிவு, விளிம்பும் உயரம். அதில் நான்கை முழங்கால் உயர பெஞ்சில் வைத்துவிடுங்கள். பூனைகள் தாவி ஏறும், அம்மா குனிய வேண்டாம். வயதான பூனைக்கும் குட்டிக்கும் மட்டும் தரையில் இருக்கட்டும். அள்ளும்போது அவசரப்படாமல் பாருங்கள். எலுமிச்சை அளவுக்கு ஈரக் கட்டிகள் இருந்தால் சரி. பட்டாணி பட்டாணியாகச் சிதறிக் கிடந்தால் யாரோ அடிக்கடி வந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போயிருக்கிறார்கள் என்று அர்த்தம். யார் என்று அன்றைக்கே கண்டுபிடிக்க வேண்டும்.

தினமும் அள்ளுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பூனை மலத்தில் வரும் டாக்ஸோபிளாஸ்மா கிருமி, தொற்றும் நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். அதற்குள் அள்ளி எடுத்துவிட்டால் ஆபத்து குறைவு. கர்ப்பிணிகள் இந்த வேலையைத் தொடவே கூடாது. அப்புறம், தரை துடைக்க பினாயில் வேண்டாம். தண்ணீரில் ஊற்றியதும் வெள்ளையாகும் கிருமிநாசினிகளும் பெரும்பாலும் பூனைக்கு விஷம்தான்; பாதத்தில் ஒட்டியதை நக்கியே உள்ளே அனுப்பிவிடும்.

அம்மாவிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். ஒரு பக்கத்தில் 14 பெயர்கள். எதிரே சாப்பிட்டதா, மூத்திரம் போனதா, ஒதுங்கிக் கிடக்கிறதா என்று மூன்று கட்டம். உட்கார்ந்த இடத்திலிருந்தே செய்யும் வேலை, ஆனால் வீட்டிலேயே முக்கியமான வேலை இதுதான்.

இனி, வாசலில் வரும் பெட்டி. உங்கள் நேரத்தை உண்மையில் விழுங்குவது அதுதான். கண் திறக்காத குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, இரவிலும், குட்டிகளுக்கான பால் மாவு கரைத்துக் கொடுக்க வேண்டும். பசும்பால் கொடுத்தால் வயிற்றால் போகும். ஒவ்வொரு முறையும் ஈரப் பஞ்சால் வாலுக்குக் கீழே தடவிவிட்டால்தான் மூத்திரம் போகும். பள்ளிக்குப் போகும் ஒருவரால் இது முடியாது. முடியும் என்று எடுத்துக்கொண்ட குட்டிகள் பகலில் கேட்பாரற்றுச் செத்துப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன். பால் கொடுக்கும் தாய்ப்பூனை வைத்திருப்பவரையோ, பகலில் வீட்டில் இருப்பவரையோ இப்போதே தேடி வைத்துக்கொள்ளுங்கள். நாலு வாரம் தாண்டிய குட்டி என்றால் தானே தின்னப் பழகும். அதையும் 14 நாள் தனி அறையில் வையுங்கள், குளியலறையானாலும் சரி. பூனைகளைத் தாக்கும் பார்வோ வைரஸ் வந்துவிட்டால் தடுப்பூசி போடாத குட்டிகள் மளமளவென்று போய்விடும்; கிருமியோ வீட்டுக்குள் ஒரு வருடம்கூடத் தங்கும். ஒரு பங்கு பிளீச்சுக்கு 32 பங்கு தண்ணீர் கலந்து, 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவினால் அது சாகும். வேலையை வளர்ந்த பூனைகளில் தொடங்கி, புதிய குட்டியிடம் கடைசியாகப் போங்கள்.

பெட்டி வைப்பவர் யார் என்று தெருவில் விசாரித்தால் தெரிந்துவிடும். தெரிந்ததும் சண்டை வேண்டாம். "குட்டியை நான் எடுக்க முடியாது. தாய்ப்பூனையைப் பிடித்துத் தாருங்கள், கருத்தடைக்கு நானே கூட வருகிறேன்" என்று சொல்லுங்கள். பெண் பூனை நாலைந்து மாதத்திலேயே சினையாகும், இரண்டு மாதத்தில் ஈன்றுவிடும். அந்த ஒரு அறுவை சிகிச்சை நடந்தால் அடுத்த பெட்டி வராது. உங்கள் வீட்டில் எத்தனை பூனைக்குக் கருத்தடை ஆகியிருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. ஆகாதவற்றைச் சனிக்கிழமைக்கு இரண்டாகக் கொண்டுபோங்கள். உள்ளூர் மருத்துவரிடம் முடியாவிட்டால் நாமக்கல், ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் கேட்டுப் பாருங்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. வேலைக்குப் போகும் ஒருவர் நல்லபடியாகப் பார்த்துக்கொள்ளக்கூடியது எட்டுப் பூனைகள் என்பது என் அனுபவம். வயதானவை, நோயாளிகள், ஆளைக் கண்டால் ஓடி ஒளிபவை உங்களோடேயே இருக்கட்டும். இளசாக, யார் மடியிலும் ஏறிக்கொள்ளும் ஐந்தாறு நிச்சயம் இருக்கும். அவற்றுக்குத் தடுப்பூசியும் கருத்தடையும் முடித்து, அடுத்த பள்ளி விடுமுறையில் நல்ல வீடு பார்த்துக் கொடுங்கள். அழுகை வரும், எனக்கும் வந்தது. கொடுத்த மறுவாரம் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். வெள்ளையன் எப்படி இருக்கிறான் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.