அடிவேரை வெட்டிவிட்டால் அது என்ன காளான் என்று யாருக்குத் தெரியும்?

கேள்வி: ஐயா, எங்களுக்குத் திருப்புல்லாணிப் பக்கம். வீட்டுக்காரர் கடல் தொழில். ஐப்பசி, கார்த்திகையில் காற்றும் மழையுமாக அவர் கடலுக்குப் போக முடியாத நாட்களில் நானும் மாமியாரும் கண்மாய்க் கரையிலும் பனங்காட்டிலும் புற்றுக்காளான் பிடுங்கிக் கீழக்கரைச் சாலையில் வைத்து விற்கிறோம். மாமியார் 40 வருடமாகக் காளான் எடுக்கிறவர். இப்போது ஒரு வியாபாரி மதுரைக்கு அனுப்ப வாரம் 10 கிலோ கேட்கிறார். அடிக்கட்டையை வெட்டிச் சுத்தமாகக் கொடுத்தால் கிலோ 400 ரூபாய் என்கிறார். எங்களுக்கு அவ்வளவு கிடைக்காது என்றால், பக்கத்து ஊர்ப் பெண்களிடம் வாங்கிச் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். 3 நாள் கெடாமல் இருக்கப் படிகாரத் தண்ணீரில் அலசலாமாம். அது சரியா? காயவைத்துக் கொடுக்கலாமா? இன்னொன்று, எங்களிடம் வாங்கிய ஒரு வீட்டில் சின்னப் பிள்ளைக்கு வாந்தி வந்ததாகச் சொன்னார்கள். பழைய குழம்பு எதையாவது தின்றிருக்கும் என்கிறார் மாமியார்.

பதில்: அம்மா, கடைசியாக எழுதியதைத்தான் நீங்கள் முதலில் எழுதியிருக்க வேண்டும். 3 நாள் எப்படிக் காப்பது என்பதற்குப் பதில் சொல்கிறேன். ஆனால் அதற்கு முன்னால் அந்தப் பிள்ளை வாந்தி எடுத்த கதையைப் பேசியாக வேண்டும்.

அந்த வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை மணிக்கு வாந்தி, எத்தனை பேருக்கு என்று கேளுங்கள். சாப்பிட்ட ஒன்று முதல் மூன்று மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் வந்திருந்தால் என் சந்தேகம் முதலில் பச்சைச் செவுள் காளான் மேல்தான் போகும். குளோரோஃபில்லம் மோலிப்டைட்டிஸ் என்று சொல்வது அதைத்தான். செவுள் என்பது தொப்பிக்கு அடியில் தகடு தகடாக இருக்கும் மடிப்பு. புல்தரை, தென்னந்தோப்பு, மாட்டுச் சாணம் மக்கிய இடம் என்று மழைக்குப் பின் வெள்ளைக் குடையாக நிற்கும். தூரத்திலிருந்து பார்த்தால் புற்றுக்காளானுக்கு அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். உயிரை எடுப்பது அரிது, ஆனால் சின்னப் பிள்ளையைப் படுக்கப் போட்டுவிடும். அதை விட மோசமானது அமானிட்டா இனத்தில் சில. அவை சாப்பிட்டவுடன் ஒன்றும் செய்யாது. ஆறு மணி நேரம், பத்து மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி. ஒரு நாளில் சரியானது போலக் காட்டும். அதற்குள் கல்லீரலைத் தின்றிருக்கும். அதனால் காளான் சாப்பிட்டு நேரம் கழித்து வாந்தி வந்தால் நின்றுவிட்டதே என்று வீட்டில் இருக்கக் கூடாது. மிச்சமிருக்கும் காளானையோ குழம்பையோ எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓட வேண்டும். வாங்குகிறவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள். சொன்னால் வியாபாரம் கெட்டுப்போகாது.

உங்கள் மாமியாரின் 40 வருட அனுபவத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அவர் என்ன பார்த்துக் காளான் எடுக்கிறார் என்று நினைத்துப் பாருங்கள். தொப்பியை மட்டுமா பார்க்கிறார்? இன்ன கரையில் இன்ன புற்று, போன வருடமும் இதே இடம், மண்ணை விலக்கினால் வேர் இப்படிப் போகும் என்று எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். அந்தக் காளானை அறுத்துக் கழுவிக் கூடையில் கொட்டி வேறு இருபது காளானோடு கலந்து அவர் முன்னால் வைத்தால், அவராலும் சொல்ல முடியாது.

அதனால்தான் அடிக்கட்டையை வெட்டச் சொல்லும் எந்த வியாபாரியையும் நான் நம்புவதில்லை. இருபது வருடமாக இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்கும் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

புற்றுக்காளான் தானாக மண்ணில் முளைப்பதில்லை. கரையான் புற்றுக்குள் கடற்பஞ்சு போலத் துளைத் துளையாக ஒரு கூடு கட்டி, அதில் ஒரு பூஞ்சையை வளர்க்கிறது. கரையானுக்கு அதுதான் விவசாயம். நல்ல மழை பெய்து புற்று உள்வரை நனைந்ததும் அந்தக் கூட்டிலிருந்து காளான் கிளம்பி மண்ணைத் துளைத்துக்கொண்டு மேலே வரும். ஆகவே அதன் தண்டு தரையோடு முடியாது. கீழே ஒரு சாணோ ஒரு முழமோ, சில புற்றில் அதற்கு மேலும், மெலிந்து மெலிந்து வேர் போல இறங்கிக் கூட்டில்தான் முடியும். சில புற்றில் அந்த வேரின் மேல்தோல் கருத்து, உடைத்தால் உள்ளே வெள்ளையாக நார் நாராக இருக்கும். மண்ணைத் துளைத்து வருவதால் தொப்பியின் நடுவில் ஆணி முனை போலக் கெட்டியான கூர் ஒன்று இருக்கும். கழுத்தில் வளையம் பெரும்பாலும் இருக்காது. அடியில் பை இருக்காது.

பச்சைச் செவுள் காளானைப் பிடுங்கிப் பாருங்கள். கொஞ்சம் பருத்த அடியோடு சட்டென்று கையோடு வந்துவிடும். வேர் இல்லை. கழுத்தில் ஒரு வளையம், மேலும் கீழும் நகர்த்தினால் நகரும். அமானிட்டாவின் அடியை மண்ணோடு அள்ளினால் முட்டை ஓடு உடைந்தது போல ஒரு பை அல்லது செதில் செதிலாகக் கட்டி. அடியில்தான் எல்லா அடையாளமும் இருக்கிறது. அதை வெட்டிப் போட்டுவிட்டுத் தொப்பியை மட்டும் மதுரைக்கு அனுப்பினால், வாங்குகிறவர் எதைப் பார்ப்பார்? செவுள் பச்சையாக இருக்கிறதா என்று பார்க்கலாமே என்பீர்கள். இளசாக இருக்கும்போது அதன் செவுளும் வெள்ளைதான். விரிந்து முற்றிய பிறகுதான் பச்சை ஏறும். சந்தையில் விலை போவதோ விரியாத மொட்டு.

ஒரு தடவை நானே இதில் மாட்டியிருக்கிறேன். பரமக்குடியில் தங்கியிருந்த காலம். சாலையோரம் ஒருவரிடம் அறுத்துச் சுத்தம் செய்த காளான் ஒரு பை வாங்கி ஆறு பேர் சாப்பிட்டோம். மூன்று பேருக்கு ராத்திரி முழுக்க வாந்தி. மறுநாள் மிச்சமிருந்த துண்டுகளைத் தட்டில் பரப்பிப் பார்த்தேன். படித்தவன், இதே வேலையில் இருப்பவன், என்னாலேயே எந்தத் துண்டு எது என்று சொல்ல முடியவில்லை. வேரோடு இருந்திருந்தால் கடையிலேயே பொறுக்கி எறிந்திருப்பேன். அன்றிலிருந்து வேர் இல்லாத காட்டுக் காளானை நான் வாங்குவதும் இல்லை, யாரையும் வாங்கச் சொல்வதும் இல்லை.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். புற்றின் மேலோ புற்றை ஒட்டியோ நிற்பதை மட்டும் எடுங்கள். தண்டைச் சுற்றி ஒரு குச்சியால் மண்ணைத் தளர்த்தி, அடியைப் பிடித்து மெதுவாக இழுங்கள். வேர் முழுதும் வர வேண்டியதில்லை, விரல் நீளம் வந்தால் போதும். விரல் நீளம்கூட வராதது, வளையம் உள்ளது, அடியில் பை உள்ளது எதுவும் கொட்டானுக்குள் போகக் கூடாது. வளையம் உள்ள நல்ல காளானும் உண்டு என்று யாராவது சொல்வார்கள். இருக்கட்டும், விற்பனைக்கு வேண்டாம். குச்சி எதற்கென்றால், புற்றில் காளான் மட்டுமா இருக்கிறது? பொந்துக்குள் கையை விடாதீர்கள். மண்வெட்டி போட்டுத் தோண்டாதீர்கள், கூடு உடைந்தால் அந்தப் புற்று அடுத்த வருடம் ஏமாற்றிவிடும்.

வேரோடு வையுங்கள், வேரோடு விலை சொல்லுங்கள். எடை கொஞ்சம் கூடும் என்று வாங்குகிறவர் முணுமுணுத்தால் கிலோவுக்குக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். வாங்குகிறவர் கண் முன்னால் ஒரு காளானை எடுத்து, இதோ வேர், இதோ கூர், வளையம் இல்லை பாருங்கள் என்று காட்டிவிட்டு, அவர் கேட்டால் அப்போது வெட்டிக் கொடுங்கள்.

பக்கத்து ஊர்ப் பெண்களிடம் வாங்கிச் சேர்ப்பதைப் பற்றி ஒரே வார்த்தைதான்: கூடாது. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. ஒரு பையில் ஒரு விஷக் காளான் விழுந்தால் பத்துக் கிலோவும் விஷம், பழி உங்கள் தலையில். அந்த வியாபாரியைக் கேட்டால், எனக்கு என்ன தெரியும், அந்த அம்மா கொடுத்தது என்பார். கிலோ 400 தருகிறவர் அந்தப் பத்துக் கிலோவுக்கான பொறுப்பையும் எடுத்துக்கொள்வாரா என்று எழுதி வாங்கிப் பாருங்கள். கையெழுத்துப் போட மாட்டார்.

வெள்ளிக் கரண்டி கருக்கிறதா, மஞ்சள் நிறம் மாறுகிறதா, அரிசி சிவக்கிறதா, பூச்சி கடித்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் பொய்ச் சோதனைகள். அமானிட்டாவின் விஷம் கொதித்தாலும் போகாது, காய்ந்தாலும் போகாது. பூச்சிக்கு ஆகிற காளான் நம் கல்லீரலுக்கு ஆகாமல் போகலாம். நம்பத் தகுந்த ஒரு சோதனை இருக்கிறது. விரிந்த ஒரு தொப்பியை அறுத்துச் செவுள் கீழே இருக்கும்படி வெள்ளைக் காகிதத்தில் வைத்து ஒரு டம்ளரைக் கவிழ்த்து மூடுங்கள். காலையில் எடுத்தால் காகிதத்தில் செவுளின் கோடுகள் தூளாகப் படிந்திருக்கும். புற்றுக்காளான் என்றால் வெளிர் ரோஸ் நிறம். பச்சையாக இருந்தால் எறிந்துவிடுங்கள். அமானிட்டா வெள்ளையாகப் படியும். வெள்ளைக் காகிதத்தில் அது கண்ணுக்குத் தெரியாது, அதனால் பாதிக் காகிதத்தை மையால் கருப்பாக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புற்றுக்கும் மழைக் காலத்தின் முதல் பறிப்பில் ஒரு தடவை செய்யுங்கள். ஆனால் வெளிர் ரோஸ் வந்தது என்பதற்காக வேர் பார்க்காமல் எடுத்துவிடாதீர்கள். எல்லா அடையாளமும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

சரி, இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். படிகாரம் வேண்டாம். தண்ணீரே வேண்டாம். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர்தான், இன்னும் தண்ணீர் காட்டினால் சாயங்காலத்துக்குள் வழவழத்துப் போகும். படிகாரத்தில் அலசினால் பார்வைக்கு வெள்ளையாக, விறைப்பாக நிற்கும். பழசைப் புதுசாகக் காட்ட அது உதவும், அவ்வளவே. மண்ணைத் துணியால் துடைத்துப் பனை ஓலைக் கொட்டானில் ஒரே அடுக்காக, வேப்பிலையோ வாழையிலையோ விரித்து வையுங்கள். பிளாஸ்டிக் கவர் வியர்க்கும், கூடாது. விடியற்காலையில் எடுத்ததை மத்தியானத்துக்குள் விற்றுவிடுங்கள். வீட்டில் மீனுக்கு வைத்திருக்கும் ஐஸ் பெட்டியில் போடலாமே என்று தோன்றும். ஐஸ் பட்ட இடம் கருக்கும், மீன் வாடையும் ஏறிவிடும். விரிந்த புற்றுக்காளான் 3 நாள் தாங்காது. முதல் நாளே தொப்பிக்குள் புழு வைத்துவிடும். காயவைப்பதும் சரிப்படாது. கார்த்திகையில் நம் கடற்கரையில் வெயில் ஏது? அதோடு, காய்ந்து சுருங்கிய துண்டை யாராலும் அடையாளம் சொல்ல முடியாது. ஆக மதுரை வியாபாரம் இந்தக் காளானுக்கு ஒத்து வராது. கீழக்கரைச் சாலைதான் உங்கள் சந்தை.

எங்கே எடுப்பது என்பதிலும் கவனம் வேண்டும். மிளகாய்த் தோட்டத்து வரப்பு, இறால் பண்ணைக் கரை, வண்டிப் புகை படியும் சாலை ஓரம் எதுவும் வேண்டாம். மண்ணில் கிடக்கிற மருந்தையும் உலோகத்தையும் காளான் இழுத்துக்கொள்ளும். அப்புறம், ஒரு புற்றில் இருபது முளைத்தால் நாலைந்தை முற்ற விட்டுவிடுங்கள். காற்றிலும் மண்ணிலும் விழுகிற அந்தத் தூளைக் கரையான் எடுத்துப் போய்த்தான் புதுப் புற்றில் பூஞ்சையை உண்டாக்குகிறது. சீமைக்கருவேலம் எடுக்க வரும் ஜேசிபிக்காரர்களிடம் இந்தப் புற்றை மட்டும் விடுங்கள் என்று கேளுங்கள். மஞ்சள் குங்குமம் வைத்துப் பால் ஊற்றும் புற்றை யாரும் தொடுவதில்லை, அதனால்தான் அது வருடா வருடம் கொடுக்கிறது. கன்றைக் கரையான் அரிக்கிறது என்று புற்றில் மருந்து ஊற்றுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் அங்கே எடுக்கவே எடுக்காதீர்கள்.

வாரம் 10 கிலோ வருமானம்தான் வேண்டும் என்றால் அதற்கு வீட்டுக் கொட்டகையில் வளர்க்கிற பால்காளான் இருக்கிறது. 30 முதல் 35 டிகிரி வெப்பத்தில் வளரக் கூடியது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில், வீட்டில் காசு வராத அந்த நேரத்தில்தான் அது நன்றாக வரும். அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையம் கொடுத்த ஏ.பி.கே. 2 ரகம் நம் வெயிலுக்கு ஏற்றது. அதற்குப் படுக்கை போட வேண்டிய வைக்கோலைத் தை, மாசியில் திருவாடானைப் பக்கம் அறுவடை முடிந்ததும் வாங்கி நனையாமல் வையுங்கள். வித்துக்கும் பயிற்சிக்கும் குயவன்குடி வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். வித்துப் பாக்கெட்டை முன்பணத்துக்கு விற்று, விளைந்ததை நாங்களே வாங்கிக்கொள்வோம் என்று சொல்லும் ஆட்களிடம் போகாதீர்கள். அவர்கள் சம்பாதிப்பது வித்தில். காளான் விளைந்ததும் போனை எடுக்க மாட்டார்கள்.

பயிற்சியில் குழி தோண்டி நீலத் தார்ப்பாய் போடும் கொட்டகையைக் காட்டுவார்கள். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் உங்கள் ஊரில் குழி வேண்டாம், தரை மேலேயே ஓலைக் கொட்டகை போடுங்கள். பால்காளான் படுக்கையின் மேல் பரப்பும் மண்ணுக்குக் கிணற்றுத் தண்ணீர் தெளிக்காதீர்கள். நாக்கில் வைத்தால் கரிக்கிற தண்ணீர் மொட்டைக் கருக்கும். ஊருணித் தண்ணீர் அல்லது மழைத் தண்ணீர் பிடித்து வைத்ததுதான் ஆகும். நாளுக்கு ஒரு குடம் போதும், அதனால் இது முடியாத காரியம் இல்லை.

பால்காளானைப் பற்றித் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன் இந்த மழையில் நீங்கள் எடுக்கும் ஒவ்வொரு புற்றுக்கும் ஒரு காகிதம் என்று தூள் படிய வைத்து, எந்தப் புற்று என்று ஓரத்தில் எழுதி, மடித்து எனக்கு அனுப்புங்கள். பிள்ளை வாந்தி எடுத்த அன்று எந்தக் கரையில் எடுத்தீர்கள் என்று மாமியாருக்கு நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். அந்தக் கரையில் எடுப்பதை மட்டும் என் பதில் வரும்வரை நிறுத்தி வையுங்கள்.